பெயர் தெரியாத இன்டர்கூலர் கையில் கிடைத்தால்: அது என்ன, எதற்கானது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு இன்டர்கூலர். என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை, வழியில் குளிர்விக்கும் சாமான் அது. நடுவில் வெள்ளை ஸ்டென்சிலில் ஒரு பிரபலமான ஜப்பானிய பிராண்டின் பெயர். விற்றவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. "பெரிய டர்போவுக்கே தாங்கும் சார்" என்றார், அவ்வளவுதான். இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து அந்தப் பிராண்டின் பழைய கேட்டலாக்குகளைப் புரட்டினேன். எதிலும் இந்த உருவம் இல்லை. மூன்றாவது நாள் பக்கவாட்டு பிராக்கெட்டைக் கழற்றியபோது, அதன் அடியில் பெயின்ட் படாத இடத்தில் ஒரு கார் கம்பெனியின் பாக எண் பளிச்சென்று நின்றது. அது ஆஃப்டர்மார்க்கெட் சாமானே இல்லை, அதாவது கார் கம்பெனிக்கு வெளியே தனியாகச் செய்து விற்றது இல்லை. யாரோ ஒரு ஃபேக்டரி இன்டர்கூலருக்குப் பெயின்ட் அடித்து, மேலே பெயரைத் தீட்டியிருக்கிறார்.

ஸ்டென்சில் தகட்டை வெட்ட பத்து நிமிஷம் போதும். வார்ப்பையும் வெல்டிங்கையும் அப்படி மாற்ற முடியாது. அதனால் பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் அது என்ன வகை, எப்படிச் செய்யப்பட்டது, என்ன அளவு என்று உலோகத்திடமே கேட்க வேண்டும். கீழே உள்ள வரிசை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

கழுவுவதற்கு முன்னால்

வாங்கி வந்ததும் சோப்புத் தண்ணீரை எடுக்கத் தோன்றும். பொறுங்கள். அழுக்கும் ஒரு சாட்சிதான். முதலில் இரண்டு முகங்களையும், நான்கு பக்கங்களையும், காற்று நுழையவும் வெளியேறவும் உள்ள இரண்டு வாய்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவை நேருக்கு நேராக, கோரின் (காற்றைக் குளிர்விக்கும் நடு அடுக்குப் பகுதி) நடுவுக்கு எதிரே வைத்து எடுக்க வேண்டும். பக்கத்தில் டேப்பை விரித்து வையுங்கள். சாய்த்து எடுத்த படம் பிறகு தேடலுக்கு உதவாது.

இப்போது ஃபின்களை, அதாவது கோரில் மடிப்பு மடிப்பாக இருக்கும் மெல்லிய தகடுகளைப் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும் செத்த பூச்சிகளும் கல் பட்ட குழிகளும் இருந்தால், அது வண்டியின் முன்னால் நின்றது. அந்தக் குழிகள் ஒரு செவ்வகத்துக்குள் மட்டும் இருந்து, மேல் பாதி சுத்தமாக இருந்தால், மேல் பாதி பம்பர் பீமுக்கு (பம்பருக்குள் இருக்கும் குறுக்குச் சட்டம்) பின்னால் ஒளிந்திருந்தது என்று அர்த்தம். இரண்டு முகத்திலும் கல் அடியே இல்லாமல், தூசியும் எண்ணெய்ப் பசையும் மட்டும் இருந்தால், என்ஜினுக்கு மேலே, பானெட்டில் உள்ள காற்றுத் திறப்புக்குக் கீழே படுத்திருந்ததாக இருக்கலாம். ஒரு மூலையில் மட்டும் சேறு அப்பியிருந்தால் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஃபெண்டருக்குள் நின்ற பக்கவாட்டு வகை என்று சந்தேகிக்கலாம்.

சரி, பார்த்தாயிற்று. இனி கழுவலாம். பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய பிரஷ், சாதாரண வேகத்தில் தண்ணீர். காஸ்டிக் சோடா கலந்த எதையும் தொடாதீர்கள், அது அலுமினியத்தை அரிக்கும். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின் எல்லாம் படுத்துவிடும். வாய்கள் இரண்டையும் துணி அடைத்து மூடிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இது இன்டர்கூலர்தானா?

சிரிக்காதீர்கள், பழைய சாமான் குவியலில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். வாய்களைப் பார்த்தால் பாதி சந்தேகம் தீரும். மூடி போடும் கழுத்தும் தண்ணீர் இறக்கும் திருகும் இருந்தால் ரேடியேட்டர். விரல் நுழையும் அளவுக்குச் சின்ன, மரை போட்ட வாய்கள் இருந்தால் ஆயில் கூலர். இன்டர்கூலரின் வாய்கள் அகலமானவை. கார்களில் பொதுவாக 50 மி.மீ.-இலிருந்து 80 மி.மீ. வரை, மரை இல்லாமல், ஹோஸ் மாட்டுகிற மாதிரி இருக்கும்.

பெரிய வாய் இரண்டு, கூடவே 19 மி.மீ. ஹோஸ் மாட்டுகிற மாதிரிச் சின்ன வாய் இரண்டு என்று மொத்தம் நான்கு இருந்தால், அது காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் வகை. அதன் கோர் பெரும்பாலும் ஒரு பெட்டிக்குள் மூடப்பட்டிருக்கும். வெளிக்காற்று நுழைய ஃபின் தெரியாது. அந்த வகைக்குத் தனி பம்ப், தனி ரேடியேட்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வேண்டும். பெட்டி மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இனி வருவது பெரும்பாலும் காற்றுக்குக் காற்று வகையைப் பற்றியது.

கோரை விரலால் படியுங்கள்

கோர் இரண்டு விதமாகக் கட்டப்படுகிறது. ஒன்று பார் அண்ட் பிளேட். தட்டையான தகடுகளையும் ஃபின் பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைக் கனமான அலுமினியப் பட்டைகளால் அடைத்து, மொத்தமாக உலையில் வைத்துப் பிரேஸிங் செய்வது, அதாவது இடையில் வேறு உலோகத்தை உருக்கி ஒட்டுவது. இன்னொன்று ட்யூப் அண்ட் ஃபின். தட்டையான குழாய்களுக்கு இடையில் ஃபின் வைத்து, குழாய்களின் முனைகளை ஒரு தகட்டுக்குள் செருகிச் செய்வது. இது ரேடியேட்டருக்கு உறவுக்காரன் மாதிரி.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் கண் கூட வேண்டாம். கோரின் முன்முகத்தில், ஃபின் வரிசைகளுக்கு இடையே ஓடும் கெட்டியான கோட்டின்மேல் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக இழுங்கள். சதுரமான, மழுங்கிய விளிம்பு தட்டுப்பட்டால் அது பார். உருண்ட மூக்கு போல வழுக்கினால் அது குழாய். அடுத்து வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பார் அண்ட் பிளேட்டில் செவ்வகத் துளைகள் வரிசையாகத் தெரியும், நடுநடுவே பட்டைகளின் தட்டை முகம் இருக்கும். ட்யூப் அண்ட் ஃபினில் நீள்வட்டக் குழாய் முனைகள் தகட்டிலிருந்து கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும்.

எது உசத்தி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. பார் அண்ட் பிளேட் கனமானது, கல் அடியைத் தாங்கும், சூட்டை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். ட்யூப் அண்ட் ஃபின் இலேசானது, காற்று தாண்டிப் போவது சுலபம், அடிபட்டால் சீக்கிரம் ஒழுகும். அடையாளம் காண்பதற்கு இந்தப் பிரிவே போதும், ஏனென்றால் தேடல் வட்டம் இதிலேயே பாதியாகக் குறையும்.

உள்ளே டார்ச் அடித்த கையோடு உள் ஃபினையும் பாருங்கள். ஒரு முனையிலிருந்து பார்த்தால் நேராக மறுமுனை வெளிச்சம் தெரிகிறதா, அல்லது ஃபின்கள் படிப்படியாக விலகி விலகி அடுக்கப்பட்டு வெளிச்சத்தை மறைக்கின்றனவா? நேர் ஃபினில் காற்று தடையில்லாமல் போகும், சூடு குறைவாகத்தான் இறங்கும். விலக்கி அடுக்கிய ஃபினில் நேர் எதிர். ஒரே வெளி அளவில் இரண்டு கம்பெனி செய்ததைப் பிரித்துப் பார்க்க இது நல்ல குறி. வெளி ஃபினில் ஸ்கேலை வைத்து 25 மி.மீ. நீளத்தில் எத்தனை மடிப்பு என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். சூடான காற்று ஓடும் வரிசைகள் எத்தனை என்பதையும் எண்ணுங்கள். இந்த இரண்டு எண்களும் பிறகு படத்தை வைத்து ஒப்பிடும்போது கைகொடுக்கும்.

எண்ட் டேங்க்: செய்தவன் கையெழுத்து

கோரை யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து வாங்கலாம். பல பிராண்டுகள் அப்படித்தான் வாங்குகின்றன. ஆனால் இரண்டு பக்கமும் இருக்கும் டேங்க்கை அவர்களே வடிவமைக்கிறார்கள். அதனால் ஒரு இன்டர்கூலரில் அதிகம் பேசுவது டேங்க்தான்.

பிளாஸ்டிக் டேங்க், அலுமினியப் பற்களை மடக்கிக் கவ்வியிருக்கிறதா? அது ஏறத்தாழ நிச்சயமாக ஃபேக்டரி சாமான், அல்லது அதற்கு மாற்றாக விற்கப்படும் சாமான். டேங்க்கின் மேல் > < குறிகளுக்கு நடுவே பிஏ66-ஜிஎஃப்30 போன்ற எழுத்துகள் இருக்கும். இது ஐஎஸ்ஓ 11469 தரப்படி பிளாஸ்டிக் வகையைச் சொல்வது: 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான். பலர் இதையே பாக எண் என்று நினைத்துத் தேடி ஏமாறுகிறார்கள். பக்கத்தில் கடிகாரம் போல ஒரு வட்டம், நடுவே ஒரு அம்பு, சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள் இருந்தால் அது வார்த்த மாதம். அம்புக்கு இரு பக்கமும் உள்ள இரண்டு இலக்கம் வருஷம். காரின் காலகட்டத்தைக் குறுக்க இதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

வார்ப்பு அலுமினிய டேங்க் என்றால், அச்சு செய்யச் செலவழித்திருக்கிறார்கள். ஒருவர் இருவருக்காகச் செய்ததாக இருக்காது. மேற்பரப்பு மணல் போலச் சொரசொரவென்று இருந்தால் மணல் வார்ப்பு. வார்ப்பில் எண் இருந்தால் உடனே குதிக்காதீர்கள். வார்ப்பு எண் வேறு, பாக எண் வேறு. ஒரே வார்ப்பை வாயை மட்டும் மாற்றி மூன்று கார்களுக்குப் பயன்படுத்தியிருப்பார்கள். இடது டேங்க்குக்கு ஒரு எண், வலதுக்கு ஒரு எண் என்று இருந்தால் இரண்டுமே வார்ப்பு எண்களாகத்தான் இருக்கும்.

தகட்டை வெட்டி மடித்து வெல்டிங் செய்த டேங்க்தான் மிச்சம். இங்கே வெல்டிங்கை உற்றுப் பாருங்கள். அடுக்கி வைத்த நாணயங்கள் போல ஒரே சீராக, ஆரம்பமும் முடிவும் தெரியாமல் ஓடினால் பழகிய கை செய்தது. ஒரு மூலையில் பருத்து, அடுத்த மூலையில் மெலிந்து, நடுவில் தேய்த்து மறைத்திருந்தால் யாரோ ஒருவர் தன் காருக்காகப் பட்டறையில் செய்தது. அப்படிப்பட்டதற்குக் கேட்டலாக்கே இருக்காது. தேடி நேரத்தை வீணாக்காமல் அளவெடுக்கும் பகுதிக்குத் தாண்டிவிடுங்கள். ஒரு வாய் மட்டும் புது வெல்டிங்காகவும் மற்றதெல்லாம் பழையதாகவும் இருந்தால், வாங்கிய சாமானைப் பிறகு மாற்றியிருக்கிறார்கள். அந்தப் புது வாயை மனசில் மறைத்துவிட்டு மிச்சத்தைத் தேட வேண்டும்.

டேங்க்கின் வடிவத்தில் ஏதாவது வினோதம் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுப் பயன்பாட்டுக்குச் செய்தது இரண்டு பக்கமும் கண்ணாடி பிம்பம் போலச் சமமாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட காருக்குச் செய்ததில் எங்கேயாவது ஒரு வெட்டு, ஒரு சரிவு, ஒரு மூலையில் பள்ளம் இருக்கும். பம்பர் பீமுக்கோ ஹெட்லைட்டுக்கோ இடம் விட்டது அது. கோரே படி போல இரண்டு தடிமனில் இருந்தால் அது கட்டாயம் ஏதோ ஒரு காரை மனதில் வைத்துச் செய்தது. வாய் முனையும் முக்கியம். முனையில் லேசாகப் புடைத்த வளையம் மட்டும் இருந்தால் ஹோஸும் கிளாம்ப்பும் போடுவதற்கு. ஓ-ரிங் போடும் பள்ளமும் கிளிப் மாட்டும் காதும் இருந்தால் ஃபேக்டரி குழாயோடு சொடுக்கென்று பொருந்தச் செய்தது. அப்படியென்றால் எந்தக் கம்பெனி கார் என்பதை அந்த இணைப்பு முறையே காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணைத் தேடும் வேட்டை

எண் இருக்கும் இடங்கள்: பிராக்கெட்டுக்கு அடியில், டேங்க்கின் கீழ்ப்பக்கம், வாய்க்குப் பக்கத்தில் உள்ள தட்டையான பகுதி, கோரின் மேல்தகடு, கீழ்தகடு. பெயின்ட் மூடியிருந்தால் உடனே சுரண்டாதீர்கள். அறையை இருட்டாக்கி, ஃபோன் டார்ச்சை மேற்பரப்போடு ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். ஆழமில்லாத முத்திரைகூட நிழல் விழுந்து எழும். அதுவும் போதவில்லை என்றால் சின்ன வயதில் நாணயத்தின்மேல் காகிதம் வைத்துத் தேய்த்தோமே, அதேதான். மெல்லிய காகிதம், மென்மையான பென்சில், படுக்கவைத்து இலேசாகத் தேய்க்க வேண்டும். கண்ணுக்கு 3 என்று தெரிந்தது காகிதத்தில் 8 என்று வந்து என் தேடலை நேராக்கியிருக்கிறது.

கிடைத்த எண்ணின் அமைப்பே பல நேரம் கம்பெனியைச் சொல்லிவிடும். நிசான் இன்டர்கூலர் எண்கள் 14461 என்று தொடங்கும். டொயோட்டா என்றால் 17940. சுபாரு 21821. ஃபோர்டு எண்களின் நடுவில் 9எல்440 இருக்கும். ஃபோக்ஸ்வாகன் குழும எண்களில் முதல் மூன்று எழுத்துக்குப் பிறகு வரும் 145 காற்றுக் குளிர்விப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிஎம்டபிள்யூ என்றால் 17 51 என்று ஆரம்பிக்கும். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால், மேலே எந்த பிராண்ட் பெயர் ஒட்டியிருந்தாலும் நம்பாதீர்கள். ஆறு இலக்கம், ஒரு கோடு, நான்கு இலக்கம் என்று இருந்தால் கேரட் என்ற டர்போக் கம்பெனியின் பாணி எண்ணாக இருக்கலாம்; அவர்கள் கோர்களைத் தனியாகவும் விற்கிறார்கள்.

கம்பெனிப் பெயரே இருந்தாலும் அது காலத்தைச் சொல்லும். கேரட் டர்போத் தொழில் முன்பு அலைட்சிக்னலிடம் இருந்தது. 1999-இல் அலைட்சிக்னல் ஹனிவெல்லோடு இணைந்து அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. 2018-இல் கேரட் மோஷன் தனியாகப் பிரிந்தது. பெர் என்ற ஜெர்மன் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை மாலே என்ற இன்னொரு ஜெர்மன் கம்பெனி 2013-இல் எடுத்துக்கொண்டது, அதனால் புதியவற்றில் மாலே பெயரும் இருக்கும். கால்சோனிக் கான்செய் என்ற ஜப்பானியப் பாகக் கம்பெனி 2019-இல் மரெல்லி ஆனது. கிரெட்டி என்பது ட்ரஸ்ட் என்ற ஜப்பானியக் கம்பெனியின் பிராண்ட், அதனால் பழைய பட்டியல்களை இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

ஸ்டிக்கரும் ஸ்டென்சிலும்? நான் அவற்றுக்குக் கொடுக்கும் மதிப்பெண் பூஜ்யம். ரிவெட் அடித்த தகடும் அதில் வரிசை எண்ணும் இருந்தால் கொஞ்சம் மதிப்புண்டு. ஆனால் அந்த ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

அளவெடுப்பது

இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது. இன்டர்கூலரின் அளவு அகலம், உயரம், தடிமன் என்ற வரிசையில் சொல்லப்படும். ஆனால் ஒருவர் கோரை மட்டும் சொல்வார், இன்னொருவர் டேங்க்கையும் சேர்த்துச் சொல்வார். 600 × 300 × 76 மி.மீ. என்பது மிகவும் பரவலான கோர் அளவு. அங்குலத்தில் இது ஏறத்தாழ 24 × 12 × 3. டேங்க்கோடு சேர்த்தால் அதுவே 31 × 12 × 3 என்று விற்கப்படும். இரண்டும் ஒரே சாமான்! இதை அறியாமல் "என்னுடையது சின்னது" என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்: ஃபின் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஒன்று, மொத்தம் ஒன்று.

வாயை வெர்னியரால் வெளிவிட்டம் அளக்க வேண்டும், புடைத்த வளையத்தின்மேல் அல்ல, அதற்குப் பின்னால் ஹோஸ் உட்காரும் இடத்தில். 63.5, 76.2 என்று வந்தால் அங்குலக் கணக்கில் செய்தது (இரண்டரை, மூன்று). 60, 70, 80 என்று முழு எண்ணாக வந்தால் மெட்ரிக் கணக்கு, ஜப்பானியத் தயாரிப்புகளில் இது சகஜம். 57-உம் 51-உம் முறையே இரண்டேகால், இரண்டு அங்குலம். இன்லெட்டும் அவுட்லெட்டும் வேறு வேறு அளவில் இருக்கலாம். இரண்டையும் அளக்கச் சோம்பல் வேண்டாம்.

பிராக்கெட் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடு வரை உள்ள தூரமும் வாய்கள் எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கின்றன என்பதும் எழுத வேண்டியவை. வாய் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் டேங்க்குக்குள் நடுவில் ஒரு தடுப்புத் தகடு இருக்கும். காற்று போய்த் திரும்பி வரும். டார்ச்சில் அது தெரியும். தடுப்பு இல்லையென்றால் வந்த காற்று கோருக்குள் போகாமல் குறுக்கு வழியில் வெளியேறிவிடும். யாரோ கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மரைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிராக்கெட்டில் எம்6, எம்8 போல்ட் ஏறினால் மெட்ரிக் கணக்கில் செய்தது. கால் அங்குலம், 5/16 அங்குலம் ஏறினால் அமெரிக்கப் பக்கம். டேங்க்கில் சென்சாருக்கோ பூஸ்ட் (டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தம்) மீட்டருக்கோ விட்ட சின்ன ஓட்டையில்தான் வம்பு: எம்10 × 1 என்ற மெட்ரிக் மரை, 1/8 என்பிடி என்ற அமெரிக்கக் குழாய் மரை, 1/8 பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் குழாய் மரை மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அங்குலத்துக்கு என்பிடியில் 27 மரை, பிஎஸ்பியில் 28. கைக்கு இரண்டு சுற்று ஏறி மூன்றாவது சுற்றில் இறுகினால் நிறுத்திவிட்டு மரை கேஜை எடுங்கள். அலுமினிய மரையைக் கெடுக்க ஸ்பேனரின் ஒரு திருப்பு போதும். இரண்டு போல்ட் ஓட்டையும் நடுவில் ஒரு வழுவழுப்பான துளையும் இருந்தால் அது மரையில்லாத அழுத்த சென்சாருக்கான இடம். டேங்க்கின் மேலேயே புளோ ஆஃப் வால்வு (மிஞ்சிய பூஸ்ட்டை வெளியே விடும் வால்வு) உட்காரும் தட்டை முகம் இருந்தால் அதன் ஓட்டைத் தூரத்தைக் காகிதத்தில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வால்வு அதற்குப் பொருந்துகிறதோ அந்த வால்வின் வீட்டைப் போய்த் தேடலாம்.

தேடுவது

இப்போது கையில் ஒரு பக்கம் நிறையக் குறிப்பு இருக்கும். எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு, கோடு வைத்தும் கோடு இல்லாமலும் இருமுறை தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் நேர்முகப் படத்தை வைத்துப் படத் தேடல் செய்யுங்கள். பின்னணி வெறும் வெள்ளைத் துணியாக இருந்தால் முடிவு நன்றாக வரும். ஜப்பானியச் சாமான் என்று சந்தேகம் இருந்தால் கார் மாடலின் சேசிஸ் குறியோடு 'இன்டர்கூலர்' என்பதை ஜப்பானிய எழுத்தில் போட்டு ஏலத் தளங்களில் தேடினால், மற்ற மொழிகளில் தலைகாட்டாத படங்கள் வரும். ஒரு படம் பொருந்துகிறது என்று தோன்றியதும் வரிசைகளை எண்ணுங்கள். உங்களிடம் 18 வரிசை, படத்தில் 16 என்றால், டேங்க் எவ்வளவு ஒத்திருந்தாலும் அது வேறு.

ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். ஒரே மாதிரியான கோர்கள் நூறு பெயர்களில் விற்கப்படும் சந்தை இது. அப்போது சாமானுக்குப் பெயர் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, அது உங்கள் என்ஜினுக்குத் தகுமா என்ற கேள்விக்குப் போய்விடலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

வாய்க்குள் வெள்ளைத் துணியைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் சாதாரணம், என்ஜின் மூச்சுக் குழாயிலிருந்து வருவது. எண்ணெய் ஓடிக் கொட்டினால், அல்லது துணியில் பளபளவென்று துகள் ஒட்டினால், முன்பு இருந்த டர்போ செத்துப் போயிருக்கிறது. காந்தத்தை வைத்துச் சோதித்து "ஒன்றும் ஒட்டவில்லை" என்று நிம்மதி அடையாதீர்கள். டர்போவில் காற்றை அமுக்கும் கம்ப்ரசர் சக்கரம் பெரும்பாலும் அலுமினியம், அது காந்தத்தில் ஒட்டாது. டர்போ உடைந்தால் இன்டர்கூலருக்குள் போவதே அந்தச் சக்கரத்தின் துண்டுகள்தான். விலக்கி அடுக்கிய உள் ஃபினுக்குள் மாட்டிய துண்டை எந்தக் கழுவலும் முழுசாக எடுத்துவிடாது. ஒரு மாதம் கழித்து, முழு பூஸ்ட்டில், அது தானாக வெளியே வந்து என்ஜினுக்குள் போகும். அப்படிப்பட்டதை நான் மாட்ட மாட்டேன், எவ்வளவு அரிய பிராண்டாக இருந்தாலும்.

கசிவுச் சோதனைக்கு வாய்களை மூடி அடைத்து, ரெகுலேட்டர் வழியாகக் காற்று விட்டு, தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்கள். ஒரு எச்சரிக்கை: 76 மி.மீ. மூடியின் மேல் 1 பார் (ஏறத்தாழ ஒரு வளிமண்டலம்) அழுத்தம் தள்ளும் விசை ஏறத்தாழ 46 கிலோ எடைக்குச் சமம். கிளாம்ப்பை மட்டும் நம்பாமல் மூடிகள் இரண்டையும் பட்டையால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டுங்கள். முகத்தை மூடிக்கு நேரே வைக்காதீர்கள். உங்கள் பூஸ்ட் அளவுக்கு மேலே ஏற்றத் தேவையில்லை. ஓரிரண்டு சின்னக் குமிழி வந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கனரக டீசல் என்ஜின்களின் சர்வீஸ் முறையில் 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) ஏற்றி மூடினால் 15 விநாடியில் 5 பிஎஸ்ஐ வரை இறங்குவதை அனுமதிக்கிறார்கள். ஆனால் குமிழி டேங்க் வெல்டிங்கின் விரிசலிலிருந்து வந்தால் அது வளரும். கோருக்கு நடுவிலிருந்து வந்தால் சரிசெய்வது வீண் வேலை.

தகுமா?

கொஞ்சம் கணக்கு. 300 மி.மீ. உயரக் கோரில் 18 சூடான வரிசைகள், ஒவ்வொன்றின் உள் உயரம் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 76 மி.மீ. தடிமனில் முன்னும் பின்னும் தலா 5 மி.மீ. பட்டை போனால் மிச்சம் 66. 18 × 6 × 66 = 7128 சதுர மி.மீ., அதாவது 71 சதுர செ.மீ. உள் ஃபின் இதில் கொஞ்சத்தை அடைத்துக்கொள்ளும். 63.5 மி.மீ. குழாயின் உள்பரப்பு சுமார் 28 சதுர செ.மீ.தான். ஆக இந்தக் கோர் குழாயைத் திணறடிக்காது. இதே கணக்கில் கோரின் வழி குழாயைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று வந்தால், ஃபினின் தடையும் சேர்ந்து பூஸ்ட்டை விழுங்கும்.

எவ்வளவு சூட்டை அது இறக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். வெளியே 30 டிகிரி, அழுத்தத்தை இரண்டு மடங்காக்கும் டர்போ, 70 சதவீதத் திறன் என்றால் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று ஏறத்தாழ 125 டிகிரி இருக்கும். இன்டர்கூலர் தாண்டியதும் 49 டிகிரி என்று சென்சார் காட்டினால், இறங்க வேண்டிய 95-இல் 76 இறங்கியிருக்கிறது. திறன் 80 சதவீதம். தெருவில் ஓடும் காருக்கு இது நல்ல எண்.

மாட்டிய பிறகு இன்லெட் பக்கம் ஒன்று, அவுட்லெட் பக்கம் ஒன்று என்று இரண்டு அழுத்த மீட்டர்களை இணைத்து, முழு பூஸ்ட்டில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை பிஎஸ்ஐ என்றால் எனக்குக் கவலையில்லை. மூன்றைத் தாண்டினால் கோர் சின்னது, அல்லது உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. முதலில் மீட்டர்களை இடம் மாற்றிப் போட்டு மீண்டும் ஒருமுறை பாருங்கள். மலிவான இரண்டு மீட்டர்கள் தங்களுக்குள்ளேயே அரை பிஎஸ்ஐ சண்டை போடும்.

என் பட்டறைச் சுவரில் இப்போது ஒரு இன்டர்கூலர் தொங்குகிறது. அதில் கட்டிய அட்டையில் கோர் அளவு, வரிசை, ஃபின் எண்ணிக்கை, வாய், பிராக்கெட் தூரம், கசிவுச் சோதனைத் தேதி எல்லாம் இருக்கின்றன. கம்பெனி என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் அதை மாட்டப் போகிறேன்.